படிக்கட்டில் அடித்த குளிர்

மீட்டரில் எல்லாம் சரியாக இருந்தது. தண்ணீர் முப்பத்து மூன்று டிகிரி, அறைக்காற்று அதைவிட ஒரு டிகிரி கூடுதல். ஈரப்பதமும் நாங்கள் செட் செய்த அளவிலேயே நின்றது. ஆனால் குளத்திலிருந்து படியேறிய வசந்தாம்மா வெடவெடவென்று நடுங்கினார்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலோரத்தில் ஒரு சிகிச்சை மையம் அது. பக்கவாதம் வந்தவர்களை உள்ளரங்க வெந்நீர்க் குளத்தில் இறக்கி நடக்கப் பழக்குவார்கள். அங்கிருந்த ஏ.சி.யின் பழைய கண்டென்சரை உப்புக்காற்று அரித்துவிட்டது. கட்டடத்துக்குப் பின்னால், கடல்காற்று படாத பக்கம் புதியதை வைத்து, உள்ளே சென்சார்களை மாட்டிக் கொடுப்பது என் வேலை. படாளத்திலிருந்து தினமும் பைக்கில் போய்வந்தேன்.

வசந்தாம்மாவின் கணவர் மாசிலாமணி, கல்பாக்கத்தில் ஸ்டாஃப் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தரையில் இரண்டு பேர் பிடித்தால்தான் வசந்தாம்மா ஓர் அடி வைப்பார். தண்ணீருக்குள் தனியாக நடப்பார். அவர் நடக்க நடக்க, கரையில் மாசிலாமணியும் அதே வேகத்தில் கூடவே நடப்பார். அதைப் பார்த்தால் என் கை வேலையை மறந்துவிடும்.

அன்று நடுக்கத்தில் வசந்தாம்மாவின் இடது கால் கட்டைபோல விறைத்துக்கொண்டது. பிசியோதெரபி டாக்டரம்மா என்னிடம் வந்தார்.

"குளிர் பட்டா கால் இப்படித்தான் இழுத்துக்கும். இது சரியாகிற வரைக்கும் இவங்கள தண்ணியில இறக்க மாட்டேன்."

மாசிலாமணி என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, இவ நடக்கிறதே இங்க மட்டுந்தான். கொஞ்சம் பாத்து செய்யிப்பா."

"ரீடிங் எல்லாம் கரெக்டா கீதே பெரியவரே" என்று மீட்டரைக் காட்டினேன்.

சக்கர நாற்காலியில் போர்வைக்குள் இருந்த வசந்தாம்மா, வார்த்தைகளைத் தேடித் தேடிச் சொன்னார்: "நீ... எறங்கி ஏறு... நைனா. அப்பால சொல்லு."

சட்டை பேண்ட்டோடு இறங்கினேன். கழுத்துவரை இதமாக இருந்தது. படியேறிக் கைப்பிடியைப் பிடித்து நின்றதும் முதுகில் சிலீரென்று குளிர் ஏறியது. காய்ந்த உடம்போடு அதே இடத்தில் எத்தனையோ தடவை நின்றிருக்கிறேன். ஒன்றும் தெரிந்ததில்லை. கடல் பக்கத்துக் கண்ணாடிச் சுவர் மங்காமல் இருக்க மேலிருந்து அடிக்கிற காற்று, கண்ணாடி வழியாகவே இறங்கிப் படிக்கட்டில் விழுந்துகொண்டிருந்தது. எதிர்ச்சுவரில் இருந்த சென்சாருக்கு அது எப்படித் தெரியும்?

மேலே காற்று வரும் வாயிலின் கிரில் தகடுகளைத் திருப்பி, அந்தப் பக்கம் வரும் காற்றைக் குறைத்தேன். ஒரு சென்சாரைக் கழற்றி, படிக்கட்டருகே தண்ணீர் தெறிக்காத உயரத்தில் மாட்டினேன். கண்ணாடியின் கீழ்ப்பகுதி லேசாக மங்கியது. மேனேஜர் ஓடி வந்தார்.

"இன்னா சார் இது? கடலே தெரியல?"

நான் வாய் திறக்குமுன் டாக்டரம்மா சொன்னார்: "கடலை வெளிய போய்ப் பாத்துக்கலாம் சார். அது மங்கினா மங்கட்டும்."

மறுநாள் வசந்தாம்மா குளத்தில் நடந்து முடித்துப் படியேறினார். நான் மீட்டரைப் பார்க்கவில்லை, அவர் தோளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடுக்கம் இல்லை. மாசிலாமணி துண்டோடு அவசரமாக ஓடிவந்தார்.

"இருய்யா" என்றார் வசந்தாம்மா. "இன்னா... அவசரம்? கொஞ்ச நேரம்... நிக்கிறேன்."

கடைசிப் படியில், கைப்பிடியை ஒரு கையால் மட்டும் பிடித்து, சொட்டச் சொட்ட நின்றார். யாரும் அவரைத் தாங்கிப் பிடிக்கவில்லை. மாசிலாமணி துண்டால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். டூல் பாக்ஸோடு ஒரு மாற்றுத் துணியும் எடுத்துப் போங்கள்.