பதினாலாம் நம்பர் முயல்

மூளையை மெலிதாகச் சீவிச் சாயம் ஏற்றியே தலை நரைத்தவர் ஆய்வுக்கூடத்துச் சாயக்காரர். நரம்புகள் சந்திக்கும் இடத்துப் புரதத்தைத் தேடிப்பிடித்துப் பச்சையாக ஒளிரவைக்கும் அவருடைய ஆன்டிபாடி, பதினாலாம் நம்பர் முயலின் ரத்தத்திலிருந்து எடுத்தது. அதன் காதில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தவரும் அவரேதான். அவரைக் கண்டாலே அது பின்னங்காலால் இரண்டு தரம் தரையை உதைக்கும். அது செத்து ஒன்பது வருடமாகிறது.

இன்று அந்த ஆன்டிபாடியின் கடைசிச் சொட்டும் தீர்ந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஆன்டிபாடி ஊற்றாமல் மூளைச் சீவல் மட்டும் வைத்த கண்ணாடித் துண்டு இருண்டுதான் கிடக்க வேண்டும். அதுவும் பச்சையாக மின்னியது.

"மறந்துபோய் இதுலயும் ஊத்திட்டீங்களாண்ணே?" என்றாள் ஆய்வு மாணவி.

"வீண்பழி போடாதம்மா. மத்ததுக்கே பாட்டில வழிச்சு ஊத்தியாச்சே, இதுக்கு ஏது மிச்சம்!"

ஆன்டிபாடி பாட்டில் வைக்கும், மூடிய ஃப்ரிட்ஜுக்குள் தொப், தொப் என்று இரண்டு உதை விழுந்தது. சாயக்காரர் சட்டென்று தன் காதைப் பொத்தினார். விரலில் ரத்தம் ஒட்டியது.