ஒட்டுக்கத்தியின் இடம்

என் மடக்குக் கத்திகள் ஒரு எவர்சில்வர் சம்படத்தில் இருக்கின்றன. சம்படம் பீரோவின் உச்சியில், பட்டுப் புடவைப் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது. மகளுக்கு மூன்று வயது ஆகப்போகிறது. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறக் கற்றுக்கொண்டாள் என்று தெரிந்த அன்றே நாற்காலிகளை அந்த அறையிலிருந்து அப்புறப்படுத்தினேன். பிறகும் மனம் கேட்கவில்லை. சம்படத்தின் மூடியைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டேன். ரப்பர் பேண்டைப் பிள்ளை வாயில் போட்டுக்கொண்டால் என்ன செய்வது என்று அதை எடுத்துவிட்டுத் துணி நாடாவால் கட்டினேன்.

"ஊருல பொம்பளைக வளையல் சேக்குறாக, சேலை சேக்குறாக. என்னைக்காச்சும் போலீசு வந்து கேட்டா நான் என்னத்தடி சொல்ல?" என்பார் என் கணவர். ஆனால் வேலையாகக் குமுளிக்குப் போனவர், கருப்புக் கொம்புப் பிடி போட்ட கத்தி ஒன்றைத் தாமே வாங்கி வந்தார். வீரபாண்டித் திருவிழாக் கடையில் ராட்டினத்துக்குப் பக்கத்தில் வாங்கிய மீன் வடிவக் கத்தி ஒன்று உண்டு. வாலைப் பிடித்து இழுத்தால் வயிற்றிலிருந்து அலகு வரும். மதுரை நடைபாதையில் வாங்கியது மடக்கினால் நிற்காது, தானாகத் திறந்துகொள்ளும். அதை மட்டும் நூல் சுற்றி வைத்திருக்கிறேன். சம்படத்துக்குள் ஃபிளானல் துணி விரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம். நடுவில் ஓர் இடம் காலி.

அது என் முதல் கத்தியின் இடம். தோட்டக்கலை படித்தபோது ஒட்டுக் கட்டுவதற்காக வாங்கியது. மரப்பிடி, பித்தளை ஆணிகள், ஒரு பக்கம் மட்டும் சாணை பிடித்த சின்ன அலகு. பிடியின் பின்முனையில் மரப்பட்டையை நெம்புவதற்குப் பித்தளை நாக்கு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். படிப்பு முடிந்து, ஓடைப்பட்டிப் பக்கம் ஒரு நாற்றுப் பண்ணையில் கல்யாணம் வரை வேலை பார்த்தேன். காலையில் நிழல்வலைக்குக் கீழே உட்கார்ந்தால் மாங்கன்றுகள் வரிசையாக என் முன்னால் வரும். சீவி, பிளந்து, செருகி, சுற்றிக் கட்டி, அடுத்தது. மாம்பால் பட்டுப் பட்டுப் பிடி கருத்துப்போனது. என் பெருவிரல் அழுந்தும் இடத்தில் மட்டும் மரம் வழவழவென்று வெளுத்திருந்தது. சாயங்காலம் அதை மடக்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம். அன்றைய வேலை முடிந்தது என்பதை அந்தச் சத்தம்தான் எனக்குச் சொல்லும்.

மகள் எடை குறைவாகப் பிறந்தாள். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று என் மாமியார் பதறிக்கொண்டு வந்தார்.

"ஏத்தா, பிள்ளைக்குத் தலமாட்டுல இரும்பு வைக்கணுமே. அருவாமனையவா வைக்க முடியும்?"

நானேதான் என் கைப்பையிலிருந்து ஒட்டுக்கத்தியை எடுத்து வைத்தேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மடக்குனா கூரு தெரியலையே. இதுதாத்தா சரி" என்று மெத்தைக்கு அடியில் தள்ளினார்.

இதெல்லாம் வீண் பயம் என்று கணவரிடம் சொன்னேன். சொல்லிவிட்டு, பிள்ளையைப் படுக்க வைக்கும் ஒவ்வொரு முறையும் மெத்தைக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். தடுப்பூசிக்குப் போகும்போதும் துணிப்பையில் கத்தி கூடவே வந்தது. மகள் எடை ஏறினாள். தாய்ப்பாலும் மருத்துவரும் காரணம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கத்தியை மெத்தைக்கு அடியிலிருந்து எடுக்கத் துணிவு வரவில்லை.

ஆண்டிபட்டியில் கட்டிக்கொடுத்த நாத்தனாருக்கு ஆண் குழந்தை பிறந்ததும் மாமியாரே அதை எடுத்தார். "நம்ம வீட்டுல இரும்பு பிள்ளைக்குப் பிள்ளை போகும்த்தா. ஒரு பிள்ளையக் காத்த இரும்பு அடுத்ததையும் காக்கும்" என்றார். அந்த வழக்கம் எனக்கு அதுவரை தெரியாது. தெரிந்திருந்தால் மதுரைக் கத்தியைக் கொடுத்திருப்பேனா? அது தானாகத் திறந்துகொள்ளும். கொடுத்திருக்க மாட்டேன்.

"அது எப்பத்தே திரும்ப வரும்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"இன்னொண்ணப் பெத்துக்க. தன்னால வரும்" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். கண்ணாடிப் பெட்டி ஞாபகம் வந்தது.

அதற்குப் பிறகு, மகள் மதியம் தூங்கும் நேரங்களில் அடுத்த கத்தியைத் தேட ஆரம்பித்தேன். ஃபோனில் படம் படமாகப் பார்ப்பேன். அலகில் நகம் வைத்து இழுக்கும் பள்ளம் எங்கே இருக்கிறது, திறந்ததும் பூட்டிக்கொள்ளுமா, மூன்று வயதுக் கையால் திறக்க முடியாத அளவுக்கு வில் இறுக்கமாக இருக்குமா? ஆலிவ் மரப்பிடி ஒன்று பிடித்திருந்தது. கத்தரி, திருப்புளி எல்லாம் வைத்த சிவப்புக் கத்தி ஒன்று. கார்ட்டில் போடுவேன், எடுப்பேன்.

"எதையாச்சும் ஒண்ண அமுக்குடி. மாப்பிள்ளை பாத்தப்பகூட நீ இம்புட்டு யோசிக்கல" என்றார் கணவர்.

"அப்பவே யோசிச்சிருக்கணும்" என்றேன்.

எல்லாமே நல்ல கத்திகள்தான். எதையும் அந்தக் காலி இடத்தில் வைத்துப் பார்க்க முடியவில்லை. கடைசியில் மகளைத் தூக்கிக்கொண்டு தேனிக்குப் பஸ் ஏறினேன். நாற்றுப் பண்ணைச் சாமான் விற்கும் ஒரு கடையில் ஒட்டுக்கத்தி கேட்டேன். அதே மரப்பிடி, அதே பித்தளை நாக்கு. கடைக்காரர் நான் நீட்டிய கையில் தராமல் கண்ணாடி மேசையில் வைத்தார்.

"கத்தியக் கையில குடுக்க மாட்டேம்மா. நாளைக்குச் சண்டைக்கு வருவீக."

ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஒன்றில் அலகு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ஒன்றில் ஆணி தளர்ச்சி. கண்ணை மூடிக்கொண்டு மடக்கி, சத்தத்தைக் கேட்டேன்.

"வயலின் வாங்க வந்தாப்புலல்ல கேக்குறீக!" என்றவர், "நர்சரி வச்சிருக்கீகளா?" என்றார்.

"நர்சரியில இருந்தேன்."

"இப்ப?"

இடுப்பில் இருந்த மகளைக் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே அவளுக்கு ஒரு விதைப் பாக்கெட் படத்தைக் காட்டி விளையாட்டுக் காட்டினார். நான் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன்.

திரும்பும் பஸ்ஸில்தான் அந்த எண்ணம் வந்தது. அதே அளவு, அதே மாதிரி. ஆண்டிபட்டியில் மெத்தைக்கு அடியில் இருப்பதை எடுத்துவிட்டு இதை வைத்தால் யாருக்குத் தெரியப்போகிறது? பிள்ளைக்கு வேண்டியது இரும்புதானே? இரும்புக்கு இரும்பு. வீரபாண்டி தாண்டும் வரை அது தப்பா சரியா என்று யோசித்தேன். சின்னமனூர் வருவதற்குள் முடிவு செய்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு எல்லோரும் பிள்ளையைப் பார்க்கப் போனோம். மாமியார் நேராக அடுப்படிக்குப் போனார். கணவர் மகளைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார். பிள்ளை சேலைத் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான். போன வாரம் முழுக்க நெஞ்சுச் சளி என்றாள் நாத்தனார். கண்ணைச் சுற்றிக் கருவளையம்.

"உங்க கத்தி இருக்கிறதுனாலதான் மதினி கொஞ்சமாச்சும் கண்ண மூடுறேன். ஆட்டிக்கிட்டு இருங்க, தலைக்கு ஊத்திட்டு வந்துர்றேன்."

அவள் போனதும் தொட்டிலுக்குள் மடித்துப் போட்டிருந்த துணிக்கு அடியில் கையை விட்டேன். விரல் தானாகப் போய் அந்த வழவழப்பில் உட்கார்ந்தது. திறந்தேன். ஈரத் துணியின் அடியில் கிடந்ததில் ஆணிக்குப் பக்கத்தில் துரு பிடித்திருந்தது. மடக்கினேன். டக். நிழல்வலையின் பச்சை வெளிச்சமும் மாங்கன்று வாசனையும் அப்படியே வந்தன. இன்னொரு கையில் புதியது இருந்தது.

இரும்புக்கு இரும்பு என்றால், எனக்கு மட்டும் ஏன் பழையது வேண்டும்? பழையதில்தான் ஏதோ இருக்கிறது என்றால், அது இந்தப் பிள்ளைக்கும் வேண்டாமா? பிள்ளை மூக்கு அடைத்து லேசாகக் குறட்டை விட்டான். என் மகளும் இப்படித்தான் மூச்சு விடுவாள். அந்த ஒவ்வொரு மூச்சையும் நான் காது கொடுத்துக் கேட்டிருக்கிறேன்.

"என்ன மதினி, ரெண்டு இருக்கு?"

ஈரத் தலையில் துண்டோடு நாத்தனார் நின்றாள். துண்டு தோளில் சரிந்தது.

"இதுவும் கெடக்கட்டும்னு வாங்கியாந்தேன்" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. "சளின்னு சொன்னியே."

அவள் கண் கலங்கிவிட்டது. "கீழ வைங்க மதினி, எடுத்துக்கிறேன்."

இரண்டையும் தரையில் வைத்தேன். அவள் குனிந்து எடுத்தாள். அடுப்படியிலிருந்து மாமியார் எட்டிப் பார்த்தார்.

"வீண் பயம் வீண் பயம்னு சொன்னவ, இப்ப ரெண்டாக் கொண்டாந்து வைக்கிறா பாரு!" அவர் குரலில் கிண்டலைவிடச் சந்தோஷம்தான் அதிகம்.

பஸ்ஸில் கணவர் கேட்டார். "அந்தப் புதுக் கத்தியக் கொண்டாந்தியே, எங்க?"

"பிள்ளைக்கு வச்சுட்டேன்."

"அப்ப பழசு?"

"அதுவும் அங்கனதான் இருக்கு."

 அவர் ஃபோனை எடுத்து, நான் எப்போதோ காட்டிய ஆலிவ் மரப்பிடியைத் தேடிக் கண்டுபிடித்து என் மடியில் வைத்தார். மகள் அந்தப் படத்தின் மேல் கன்னத்தை வைத்துத் தூங்கிவிட்டாள். நான் ஃபோனை உருவவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நாடாவை அவிழ்த்துச் சம்படத்தைத் திறந்தேன். எல்லாக் கத்திகளையும் துடைத்து, தையல் மெஷின் எண்ணெயில் ஒவ்வொரு சொட்டு விட்டேன். ஃபிளானலின் நடுவில் மாம்பால் கறை இன்னும் நீளமாகத் தெரிகிறது. அங்கே எதையும் நகர்த்தி வைக்கவில்லை. எண்ணெய்ப் புட்டியின் மூடியை இறுக்கி, ஆண்டிபட்டிக்கு எடுத்துப் போகும் பையில் போட்டேன். அந்தத் துருவுக்கு ஒரு சொட்டு விட வேண்டும். இரண்டு மூன்று முறை திறந்து மடக்கினால்தான் எண்ணெய் உள்ளே இறங்கும்.