பச்சை விறகும் ஒரு அண்டா பிரியாணியும்

பட்டினியைப் பற்றிப் பேச என்னைப்போல் பொருத்தமில்லாத ஆள் இந்த மாவட்டத்திலேயே கிடையாது. ஊரப்பாக்கத்தில் நான் மின்சார ரயில் ஏறினால் இருவர் எழுந்து இடம் விடுவார்கள். மரியாதைக்காக அல்ல, இருவர் எழுந்தால்தான் நான் உட்கார முடியும்.

ஆனாலும் என் சித்தி மகள் என்னிடம்தான் கேட்டாள். போர் நடக்கும் நாடொன்றில், மெலிந்துபோன குழந்தைகளுக்கும் தாய்மாருக்கும் உணவூட்டும் கூடாரத்தில் அவள் நர்ஸ். வேர்க்கடலையை அரைத்து, பாலும் சத்தும் சேர்த்த பசையைச் சின்னப் பொட்டலங்களில் கொடுப்பார்கள்.

"வந்துகிட்டிருந்த நிதி நின்னுபோச்சு அண்ணா. இந்த மாசத்தோட பொட்டலம் தீந்துடும், கூடாரத்த மூடிடுவாங்க. இங்க வர்ற பிள்ளைங்க அழறதுகூட இல்ல. அழவும் தெம்பு வேணும்ல?"

"நான் பாத்துக்கறேன்" என்றேன். எதைப் பார்ப்பேன் என்று தெரியாது. எங்கே போனாலும் என் வாய் எனக்கு முன்னால் போய்விடும். வயிறு அதற்கும் முன்னால்.

செங்கல்பட்டு பஜாரில் பிரியாணிக் கடை வைத்திருக்கும் பாய் என் பழைய சிநேகிதர். மாமல்லபுரத்தை ஒட்டிய சவுக்குத் தோப்பில் ஞாயிறு மதியம் பிரியாணி, என் அலுவலகக் குடும்பங்கள் விருந்தாளிகள் என்று முடிவானது. அரிசியும் கறியும் பக்குவமும் பாயுடையவை. விறகும் பேச்சும் என்னுடையவை. முதலில் சாப்பாடு, அப்புறம் பேச்சு, கடைசியில் காசு போட ஒரு வாளி. வயிறு நிறைந்தால் மனசு இளகும் என்பது என் சித்தாந்தம். என் வயிறு நிறைந்தால் எனக்குத் தூக்கம்தான் வரும் என்பதை யோசிக்கவில்லை.

விறகை நானே படாளம் பக்கம் போய் வாங்கினேன். காய்ந்தது ஒரு அடுக்கு, அன்று காலை வெட்டியது ஒரு அடுக்கு இருந்தது. புதியதையே கேட்டு வாங்கினேன். கீரை, மீன் போல விறகும் புதிதாக இருப்பதுதான் நல்லது என்று என் பட்டப்படிப்பு சொல்லிற்று. விற்றவர் என்னை ஏற இறங்கப் பார்த்தாரே தவிர, தடுக்கவில்லை.

"இன்னா அண்ணாத்த, மரத்த வெட்டி அப்டியே தூக்கினு வந்துகீற" என்றார் பாய். "இது எரியுறதுக்குள்ள என் புள்ளைக்குக் கல்யாணம் ஆயிடும்."

புகையில் தோப்பே மறைந்தது. காய்ந்த விறகு தேடிப் பிடித்து, பாய் அண்டாவுக்குத் தம் போட்டபோது விருந்தாளிகள் எல்லோரும் வந்துவிட்டார்கள். மாவு பூசி மூடிய மூடிமேல் கங்கு. நேரம் ஆகாமல் அதைத் திறக்க பாய் யாரையும் விட மாட்டார். வாசனைக்கு மட்டும் அனுமதி உண்டு. அது வெளியே வந்து எல்லோரையும் பாடாய்ப் படுத்தியது.

பிள்ளைகள் அழ ஆரம்பித்தார்கள். அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேஜைக்காரம்மா இடுப்பில் பையனோடு வந்தார். "சார், இவனுக்கு மட்டும் ஒரு கரண்டி எடுத்துக் குடுக்கச் சொல்லுங்களேன்."

"இப்ப தொறந்தா அரிசி விறைச்சிக்கும்மா" என்றார் பாய்.

"இன்னும் எவ்ளோ நேரம் சார் இவன் அழறது?"

நான் எழுதி வைத்திருந்த பேச்சு மூன்று பக்கம். ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை.

"கால் மணி நேரம் மேடம்" என்றேன். "என் தங்கச்சி இருக்கற எடத்துல பிள்ளைங்களுக்கு அழக்கூடத் தெம்பு இல்லியாம். அங்க ஒரு அம்மா எவ்ளோ நேரம்னு கேட்டா, சொல்றதுக்கு அண்டாவே இல்ல. அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன்."

அவ்வளவுதான் பேச்சு. பக்கத்து மேஜைக்காரம்மா பையனோடு வாளியிடம் போய்க் காசு போட்டார். பையன் அழுதுகொண்டே இருந்தான். பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். தம் உடைப்பதற்குள் வாளி நிறைந்துவிட்டது.

"வேணும்னேதான் லேட் பண்ணீங்களா?" என்று ஒருவர் என்னைக் கேட்டார்.

பாய் முந்திக்கொண்டார். "அதுக்கெல்லாம் மூளை வேணும் சார்."

அடுத்த மாதம் தங்கையின் குரல் பதிவு வந்தபோது பாய் கடையில் இருந்தேன். "பொட்டலம் வந்துடுச்சு அண்ணா. கூடாரத்த மூடல. கேளு." அப்புறம் அவள் குரலே கேட்காத அளவுக்குக் குழந்தைகளின் கூச்சல்.

"இன்னா அண்ணாத்த, ஒரே அழுகையா கீது?"

"ஆமா பாய்."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அத்த இன்னொரு தபா போடு, கேக்கலாம்" என்றார்.