ஹால் மெஷினும் பின்னறை மெஷினும்

இன்று காலை இட்லிக்கு அரிசி களைந்துகொண்டிருந்தபோது இதே கல்கத்தாவில் பாலிகஞ்சிலிருக்கும் பிறந்த வீட்டிலிருந்து அண்ணா ஃபோன் பண்ணினான். "ஹால்ல பழைய மெஷின் இருக்கோல்லியோ, அதோட மானிட்டர் போயிடுத்துடி. பெட்டி மட்டும் ஓடறது. அப்பா ஃபோட்டோ எல்லாம் அதுலதான் இருக்கு. என் லாப்டாப்லேர்ந்து தொறந்தா, டிஸ்ப்ளேயைத் திறக்க முடியலைன்னு வரது. நோக்குத்தான் இதெல்லாம் தெரியுமே, கொஞ்சம் வந்து பாரேன்."

எனக்குத்தான் தெரியுமாம். எப்படித் தெரிய வந்தது என்று அவனுக்கு ஞாபகம் இருக்கிறதா? பெஹாலாவில் என் வீட்டு வாசலில் பஸ் ஏறியதிலிருந்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னால் "பழைய கதை" என்பார். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

அந்த மெஷினை நினைத்தாலே சூடான தூசி வாசனை வருகிறது. விசிறி சுற்றச் சுற்ற அந்த வாசனை ஹால் முழுக்கப் பரவும். பக்கத்து வீட்டு வங்காளி மாமி, மாஷிமா, கடுகெண்ணெயில் மீன் போடும் நேரத்துக்கு அப்பா எழுந்து ஜன்னலைச் சாத்திவிடுவார். அப்புறம் தூசியும் காப்பியும்தான். அண்ணாவுக்காக வாங்கிய பெரிய மெஷின் அது. எனக்கு அவன் கழித்துப்போட்ட பழையது, பின்னறையில், இஸ்திரி மேஜைக்குப் பக்கத்தில். நான் புவியியல் எம்.எஸ்ஸி. முடித்திருந்தேன். வரைபடம் வரையும் புரோகிராம் என் மெஷினில் போட்டால் மூச்சே விடாது. ஹாலில் போய் உட்காரலாமென்றால் பகலெல்லாம் அண்ணா. ஒன்பது மணிக்கு மேல் அங்கே விளக்குப் போடக் கூடாது, அப்பா படுப்பது அங்கேதான்.

அண்ணாதான் ஒரு வழி பண்ணிக் கொடுத்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். சுவரோரமாக ஒரு கேபிள். புரோகிராம் ஓடுவது ஹால் மெஷினில், அதன் திரை மட்டும் என்னிடம் வரும். ஹாலில் சமைத்துப் பின்னறையில் பரிமாறுகிற மாதிரி. இரண்டு வாரம் அருமையாக ஓடியது.

அப்போதுதான் ஹைதராபாத்தில் ஒரு வரைபடக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. கிழக்குக் கல்கத்தாவின் குளங்களையும் நீர்நிலைகளையும் வரைந்து பத்து நாளில் அனுப்ப வேண்டும். நன்றாக இருந்தால் வேலை. சாப்பாட்டு மேஜையில் உரக்கப் படித்துக் காட்டினேன். அப்பா ரசத்தை ஊற்றிக்கொண்டு "பேஷ்" என்றார். அன்றைக்கே உட்கார்ந்து பதினொரு குளம் வரைந்தேன்.

மறுநாள் காலை அந்தச் செய்தி வந்தது. டிஸ்ப்ளேயைத் திறக்க முடியவில்லை.

நான் செய்த கூத்தைக் கேளுங்கள். திரையின் பெயரைத் திருப்பித் திருப்பிக் கொடுத்துப் பார்த்தேன். முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் இணையத்தில் கேட்டேன். ஒருவர் நான் அடிப்படையே படிக்கவில்லை என்று திட்டினார், அவருக்கு நன்றி வேறு சொன்னேன். கேபிளைக் கழற்றிக் கரியாஹாட் பஜாருக்கு எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் சோதித்துவிட்டு "கேபிள் டிக் ஆச்சே, திதி" என்றார். கேபிள் சரியாகத்தான் இருக்கிறது அக்கா என்று விற்கிறவரே சொல்கிறார், அப்படியும் புதிதாக ஒன்று வாங்கி வந்தேன். "ஒன் மெஷின்லதான் ஏதோ கோளாறுடி. எல்லாத்தையும் அழிச்சுட்டு மறுபடி இன்ஸ்டால் பண்ணு" என்றான் அண்ணா. பண்ணினேன், இரண்டு தடவை. தினமும் காப்பி குடிக்கும்போது அப்பா கேட்பார்: "என்னம்மா, ஆச்சா?"

ஹால் மெஷினுக்குள் கட்டளைகளைத் தட்டி, எழுத்து வழியாக என்னால் தாராளமாகப் போக முடிந்தது, படம்தான் வரவில்லை. அங்கேயுள்ள அமைப்புக் கோப்பைத் திறந்து படிக்க எட்டு நாளில் எனக்குத் தோன்றவே இல்லை. தப்பு என் பக்கம்தான் இருக்கும் என்று நம்பியே வளர்ந்தவள் வேறெங்கே தேடுவாள்? ஒன்பதாம் நாள் திறந்தேன். திரையை வெளியே அனுப்பலாமா என்ற வரியில் 'நோ' என்று இருந்தது. கோப்பை மாற்றிய தேதி, நான் கடிதம் படித்துக் காட்டிய அதே தேதி. மேலே அண்ணாவின் குறிப்பு ஒன்று. அவனுக்குத் தமிழ் எழுத வராது, ஆங்கில எழுத்தில் தட்டியிருந்தான்: அப்பா சொல்ற வரைக்கும்.

அவனைக் கூப்பிட்டுக் காட்டினேன். மாட்டிக்கொண்டால் அவனுக்கு வங்காளம்தான் வரும். "ராக் கொரிஷ் நா" என்றான். கோபப்படாதே என்கிறான்! "தெரியாத ஊர்ல நீ தனியா இருக்கறது அப்பாவுக்குப் பிடிக்கலை. நேரா சொன்னா அழுவியேன்னு... நான் என்ன பண்ணட்டும்? அடுத்த வாரம் மாத்திடறேன்." மாற்ற அவன் பாஸ்வேர்ட் வேண்டும். அடுத்த வாரம் வருவதற்குள் கெடு முடிந்துவிட்டது. அப்பாவிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கோழைத்தனத்தை நினைத்தால் அவர்கள் இரண்டு பேரையும்விட என்மேல்தான் ஆத்திரம் வருகிறது. அப்புறம் நான் வரைபடம் வரையவே இல்லை. ஓர் ஆபீஸில் ஃபைல் நகர்த்தும் வேலை, கல்யாணம், பெஹாலா.

இன்று அண்ணா டீ போட்டுக் கொடுத்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. நான் அவன் லாப்டாப்பில் உட்கார்ந்து நேரே அந்தக் கோப்புக்குப் போனேன். அந்த வரி அப்படியே இருந்தது. இத்தனை வருஷமாக அவன் அதை மாற்றவே இல்லை.

அவன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தான். "இது யார் எழுதினா?" என்றான். நடிக்கவில்லை. உண்மையிலேயே மறந்துவிட்டான். என் ஆயுசு முழுக்க உறுத்திய வரி, எழுதினவனுக்கு ஞாபகமே இல்லை.

"நீயே மாத்து" என்று லாப்டாப்பை அவன் பக்கம் தள்ளினேன். பாஸ்வேர்ட் போட்டு 'எஸ்' என்று தட்டினான். அரை நிமிஷ வேலை. ஃபோட்டோவுக்கு முன்னால் என் வரைபடத்தைத் திறந்தேன். பதினொரு குளம் நீலமாக வந்தது, மீதி வெள்ளை. அதில் மூன்று குளத்தின் மேல் இப்போது அடுக்குமாடி நிற்கிறது, தினமும் ஆபீஸுக்கு அந்த வழியாகத்தான் போகிறேன்.

"இது என்னடி? அப்பா ஃபோட்டோ எங்கே?" என்றான் அண்ணா.

அப்பா போன வருஷம் போய்விட்டார். அந்த வரியை மாற்றச் சொல்லி கடைசி வரைக்கும் அவர் சொல்லவில்லை.