சீராக வந்த சைக்கிள்

கல்யாணமானதும் திருமலைக்கு நடந்தே ஏறுவதாக என் மனைவி வேண்டிக்கொண்டிருந்தாள். அலிபிரியில் கிளம்பும்போது நான்தான் எல்லோருக்கும் முன்னால் போனேன். பாதி மலைகூட ஏறவில்லை, மூச்சு வாங்கி ஒரு படியில் உட்கார்ந்துவிட்டேன். செருப்பில்லாத காலோடு மேலே போய்விட்ட என் மாமனார், ஆளைக் காணோமே என்று திரும்பி இறங்கி வந்தார்.

"இன்னா மாப்ள, இதுக்கே குந்திக்கினீங்க? அந்த சைக்கிள எதுக்குக் குட்தேன்? செவுத்துக்கு முட்டுக் குடுக்கவா?"

அவர் சீராகக் கொடுத்த கறுப்பு சைக்கிள் புத்தூரில் எங்கள் வாடகை வீட்டுச் சுவரில் சாய்ந்தபடியே இருந்தது. எனக்கு ஓட்டத் தெரியாது. படித்த மாப்பிள்ளை, அதை எப்படி வெளியே சொல்வது?

எந்த ஊர் ஆந்திராவில் இருக்கும், எந்த ஊர் மெட்ராசோடு போகும் என்று எல்லைப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. ஆபீசில் மேலிடம் கேட்கிற கணக்கை எல்லாம் விளக்கு வைக்கும்வரை எழுதிக்கொண்டிருப்போம். உட்கார்ந்து உட்கார்ந்தே எனக்குத் தொப்பை வந்திருந்தது. விடியற்காலை ஒன்றுதான் என் கையில் இருந்த நேரம். மலையிலிருந்து திரும்பிய மறுநாளே ஆரம்பித்தேன். மனைவி சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தாள்.

"கீழ பாக்காதீங்க, நேரா பாருங்க! ஐயோ, எரும, எரும!"

டீக்கடைக்காரர் தெலுங்கில் கேட்டார்: "ஏமய்யா கொத்தல்லுடு, நூவு சைக்கிலு தொக்குதுன்னாவா, சைக்கிலு நின்னு தொக்குதுந்தா?" புது மாப்பிள்ளை சைக்கிளை மிதிக்கிறாரா, சைக்கிள் புது மாப்பிள்ளையை மிதிக்கிறதா என்று அவருக்குச் சந்தேகம். பார்த்தவர்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

முட்டி பேர்ந்தது. ஆனாலும் விடவில்லை. முதலில் ரயில்வே கேட் வரை, பிறகு நகரி ரோட்டில் ஒரு மைல், அப்புறம் இன்னும் கொஞ்சம். மேட்டில் இறங்கித் தள்ளிய இடத்தில் ஒருநாள் இறங்காமலே ஏறினேன். பழைய சட்டைக்கு மறுபடியும் பொத்தான் போட முடிந்தது. ஆபீஸ் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டினேன்.

இந்த உற்சாகத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமனாரிடம் ஓட்டிக் காட்டிவிட்டு வரலாம் என்று யாருக்கும் சொல்லாமல் நகரிப் பக்கம் இருந்த அவர் ஊருக்கு மிதித்தேன். நகரிக்கு முன்னாலேயே ரோட்டில் அவரைப் பார்த்தேன். தலையில் பூக்கூடை, ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடந்துகொண்டிருந்தார். பெண் பார்க்கப் போனபோது பச்சை சைக்கிளில் பூச்சந்தைக்குப் போய்விட்டு வந்து இறங்கியவர் அவர்.

"மாமா, உங்க சைக்கிள் இன்னா ஆச்சி?"

"அது கெடக்குது மாப்ள. நடந்தா ஒடம்புக்கு நல்லதுதானே?"

"பூவெல்லாம் வாடிப்போச்சே."

"வெயில் ஏறிட்ச்சி. நான் போறதுக்குள்ள மத்தவங்க வித்துட்டுப் போயிர்றாங்க. கெடச்ச வெலைக்குக் குட்துட்டு வர்றதுதான்."

கூடையை வாங்கக் கை நீட்டினேன். "மாப்ளய பூக்கூட தூக்க வச்சா ஊரு என்னக் காறித் துப்பும். நீங்க வூட்டுக்குப் போயி ஒரு வாய் துன்னுட்டுப் போங்க" என்று நடந்துவிட்டார்.

நான் அந்த வீட்டுக்குப் போகவில்லை. நேரே புத்தூருக்குத் திரும்பி, அவருடைய பச்சை சைக்கிள் எங்கே என்று மனைவியிடம் கேட்டேன். நான் கொண்டுவந்து நிறுத்திய சைக்கிளையே அவள் காட்டினாள்.

"அதுதாங்க இது. புதுசு வாங்க முடியல. பச்ச மேல கறுப்பு அடிச்சிக் குட்தாரு. உங்களுக்குச் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கினாரு."

"நாளைக்கே திருப்பிக் குடுத்துர்றேன்."

"வெளாட்றீங்களா? சீரத் திருப்பினா பொண்ணத் திருப்பினாப்பலன்னு ஊரே பேசும். எங்க நைனா தல நிமிர்ந்து நடப்பாரா?"

அதற்குமேல் மிதிக்கக் கால் வரவில்லை. நான் மூச்சு வாங்காமல் ஏறிய ஒவ்வொரு மேட்டுக்கும் அவருடைய முழங்கால் விலை கொடுத்திருந்தது. யோசித்ததில் ஒரு வழி தெரிந்தது. சீராக வந்த பொருள் முதல் வருஷத்தில் கெட்டுப்போனால் பெண் வீட்டார்தான் சரிசெய்து தர வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பின்சக்கரத்தில் நானே சில கம்பிகளைக் கழற்றி, மாமனார் ஊர்ப் பக்கம் போன மாட்டுவண்டியில் சைக்கிளை ஏற்றி அனுப்பினேன். "ஆபீசில் வேலை அதிகம். அவசரமில்லை, ஒரு மாசம் அங்கேயே இருக்கட்டும்" என்று சொல்லியும் அனுப்பினேன். சைக்கிள் அங்கே நின்றால் சந்தைக்கு எடுத்துப் போகாமலா இருப்பார்? என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை வெயில் நேரத்தில் வாசலில் மணிச்சத்தம். மாமனார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். கம்பிகள் புதிது. எண்ணெய் போட்டுத் துடைத்திருந்தார். இடுப்புவரை புழுதி, ஒரு முழங்கால் வீங்கியிருந்தது.

"தள்ளிக்கினேவா வந்த, நைனா? ஏறி மிதிச்சா இன்னா?" என்று கேட்டுக்கொண்டே மனைவி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"குட்த பொருளு மேல நான் எப்டிமா ஏறிக் குந்தறது?" என்றார் அவர். தண்ணீர் குடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஒரு மாசம் வுடலாமா மாப்ள? இப்பதான் ஒடம்பு தேறிக்கினு வருது. நிறுத்தாதீங்க."

சாப்பிட்டதும் அவரைப் பஸ் ஏற்றிவிட்டேன். ராத்திரி அந்தச் சைக்கிளைத் தொடக்கூட மனம் வரவில்லை.

மறுநாள் விடியற்காலையில் எடுத்து மிதித்தேன். நான் மிதிக்கவில்லை என்று தெரிந்தால் மறுபடியும் நடந்து வருவார்.