வேன் தெருவுக்குள் போகாத வருடம்

1. கை தூக்கிய காலை

டீசல் விலை ஏறிய செய்தியை நான் பேப்பரில் படித்ததே இல்லை. பங்கில் மெஷினுக்கு முன்னால் நிற்கும்போதுதான் தெரிந்துகொள்வேன். அன்றைக்கும் அப்படித்தான். "அண்ணே, ஜீரோ பாத்துக்குங்க" என்றாள் பங்கில் வேலை செய்த பெண். ஜீரோவைப் பார்த்தேன். அதற்குக் கீழே லிட்டர் விலை மறுபடி ஏறியிருந்தது.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே நான் ஸ்டாஃப் வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் நின்றுகொண்டு போக முடியாதவர்கள் மாதச் சந்தா கட்டி வருவார்கள். மஞ்சக்குப்பத்தில் ஆரம்பித்து முதுநகர் வரை ஆள் ஏற்றுவேன். பிறகு நேராகச் சிதம்பரம், கடைசியாக அண்ணாமலை நகர். வீட்டு வாசலிலேயே போய் ஹாரன் அடிப்பேன் என்பதுதான் என் வண்டிக்கு இருந்த பெயர். எவ்வளவு குறுகலான சந்து என்றாலும் நுழைந்து ரிவர்ஸில் வெளியே வருவேன். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு.

ஆனால் டீசலைக் குடிப்பதும் அந்தச் சந்துகள்தான். ஃபர்ஸ்ட் கியர், செகண்ட் கியர், மறுபடி ரிவர்ஸ். சிதம்பரம் ரோட்டில் டாப் கியரில் போவதெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. பங்கிலேயே, வண்டியில் இருந்தவர்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன்.

"கட்டுப்படி ஆகல சார். சந்தாவ ஏத்தணும். இல்லன்னா வேற வழி இருந்தா நீங்களே சொல்லுங்க."

குமரவேல் சார் எழுந்தார். ஒரு ஆபீசில் கிளார்க். எங்கள் வேனுக்கு அவர்தான் எதிர்க்கட்சித் தலைவர்.

"எல்லாந்தான் ஏறுது, எங்க சம்பளம் ஏறுதா? நீங்க தெருவுக்குள்ள வர்றத நிறுத்திக்குங்க. நாங்க மெயின் ரோட்டுக்கு வந்துர்றோம். சந்தா அப்பிடியே இருக்கட்டும். என்னப்பா சொல்றீங்க, சம்மதம்னா கை தூக்குங்க."

ஒரு சுற்று பார்த்தேன். பின்னால் எல்லாக் கையும் மேலே. என் பக்கத்து சீட்டில் ஸ்டெல்லா இருந்தாள். சின்ன வயதில் போலியோ வந்து இடது காலில் இரும்புக் காலிப்பர் மாட்டிய பெண். ஏறி இறங்கச் சுலபம் என்று முன் சீட்டு அவளுக்கு. அண்ணாமலை நகரில் ஒரு ஆபீசில் தற்காலிக வேலை. லீவு போடாமல் போய்வந்தால் சீக்கிரம் பெர்மனென்ட் ஆகிவிடும் என்று அடிக்கடி சொல்வாள். அவள் வீடு மஞ்சக்குப்பத்தில் ஒரு நீளமான சந்தின் கோடியில். அவள் கையும் மேலேதான் இருந்தது.

"உனக்கு முடியுமாம்மா?" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டேன்.

"பரவால்லண்ணே, நான் வந்துருவேன்."

"அதான் வந்துர்றேங்குதே, வண்டிய எடுங்கண்ணே" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. எடுத்தேன்.

2. சுண்டைக்காய் கால் பணம்

முதல் வாரம் எல்லோரும் நடந்து வந்தார்கள். உடம்புக்கு நல்லது என்று பேசிக்கொண்டார்கள். அடுத்த மாதம் பார்த்தால் ஒருவர் ஸ்கூட்டரில் வந்து டீக்கடை ஓரம் நிறுத்தினார். இன்னொருவரை மச்சான் பைக்கில் கொண்டுவந்து விட்டார். கொஞ்ச நாளில் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் வரிசையாக டூவீலர். நான் உள்ளே போகாமல் மிச்சம் பிடித்த டீசலுக்குப் பதிலாக வேன் ஆட்கள் எல்லோரும் தனித்தனியே பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்கு மேல் வண்டி நிறுத்த ஸ்டாண்டு டோக்கன் காசு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அந்தக் கதைதான். படித்தவர்கள், ஓட்டுகிறவன் எல்லோரும் சேர்ந்துதான் இந்தப் புத்திசாலித்தனத்தைச் செய்தோம்.

ஸ்டெல்லாவால் டூவீலர் ஓட்ட முடியாது. வீட்டில் அம்மா மட்டும்தான், கொண்டுவந்து விடவும் ஆள் கிடையாது. தினம் ஆட்டோ வைத்தால் வாங்குகிற சம்பளம் அதற்கே சரியாகப் போகும். நடந்தே வந்து, நான் போகும்போது மெயின் ரோட்டில் பூட்டிய கடை ஒன்றின் படியில் உட்கார்ந்திருப்பாள். அந்தக் காலை நேரத்திலேயே முகமெல்லாம் வேர்த்திருக்கும். மனசு கேட்காமல் ஒருநாள் வண்டியைச் சந்துக்குள் திருப்பினேன். பாதியில் நடந்து வந்துகொண்டிருந்தவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"வேணாண்ணே. எனக்காக உள்ள வந்தீங்கன்னு பேச்சு வரும். எல்லாருக்கும் ஒரே ரூலா இருக்கட்டும்."

"பேசுனா பேசிட்டுப் போறாங்க, ஏறும்மா" என்றேன். ஏறினாள். ஆனால் மறுநாளிலிருந்து இன்னும் முன்னாலேயே கிளம்பி, நான் வருவதற்குள் மெயின் ரோட்டுக்கு வந்துவிட்டாள்.

ஐப்பசி பிறந்தது. கடலூர் மழையைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சந்து முழுக்கத் தண்ணீர் நின்றது. காலிப்பர் பெல்ட்டும் ஷூவும் நனைந்து, நனைந்தபடியே ஆபீசில் நாள் முழுக்க உட்கார்ந்து, கால் தோல் உரிந்து புண்ணாகிவிட்டது. இரண்டு நாள் வரமாட்டேன் என்று போன் பண்ணினாள். அந்த இரண்டு நாள் வாரக்கணக்கில் நீண்டது.

3. வாசலில் அடித்த ஹாரன்

ஆச்சரியம் என்னவென்றால், பேச்சை எடுத்தது குமரவேல் சார்தான். ஒரு சாயங்காலம் முதுநகரில் ஸ்கூட்டர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு இறங்காமல் நின்றார்.

"அண்ணே, நீங்க அன்னிக்குக் கேட்டதவிட ஜாஸ்தியா பெட்ரோலுக்குப் போவுது. நாமெல்லாம் முட்டாப் பசங்கண்ணே. சந்தாவ ஏத்திக்குங்க, பழையபடி வீட்டுக்கே வாங்க. அந்தப் பொண்ணுகிட்டயும் சொல்லிடுங்க."

வண்டியில் ஒருவரும் மறுக்கவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எல்லோரையும் இறக்கிவிட்டு நேராக மஞ்சக்குப்பம் போனேன். சந்துக்குள் நுழைந்து, அவள் வாசலில் நிறுத்தி, பழையபடி ஹாரன் அடித்தேன்.

ஸ்டெல்லா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். காலிப்பர் இல்லை, காலில் கட்டு. விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"நான் வேலைலேர்ந்து நின்னுட்டேண்ணே. ரொம்ப நாள் லீவாயிடுச்சுல்ல, அந்த எடத்துல வேற ஆளப் போட்டுட்டாங்க. இங்க தெருமுனை ஜெராக்ஸ் கடைல உக்காரச் சொல்லிருக்காங்க, கால் ஆறுனதும் போறேன்."

வண்டியை அணைத்துவிட்டு இறங்கினேன். அவளே மேலே சொன்னாள்.

"அன்னிக்கே ஜாஸ்தி குடும்மான்னு எங்கிட்டத் தனியாக் கேட்டிருந்தீங்கன்னா மறுபேச்சு இல்லாம குடுத்திருப்பேண்ணே. வேலைய விட அது பெருசா?"

"அப்புறம் ஏம்மா கை தூக்குன?"

"எல்லாரும் தூக்கிட்டாங்க. நான் மட்டும் தூக்கலன்னா, இவளுக்காகத்தான் நாம ஜாஸ்தி குடுக்குறோம்னு ஆயிடும்ல. அதுக்கப்புறம் அந்த வண்டில எப்பிடிண்ணே உக்காந்து வர்றது?"

அவள் அம்மா டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னார்கள். குடிக்காமலே வந்துவிட்டேன்.

இப்போது வண்டி ஓட்டும் தம்பிகளுக்கு ஒன்று சொல்கிறேன். விலை ஏறத்தான் செய்யும், அது நம் கையில் இல்லை. அதை யார் எப்படித் தாங்குவது என்பதைக் கூட்டத்தில் கை தூக்கச் சொல்லி முடிவு செய்யாதீர்கள். முடியாதவர்கள்தான் அங்கே முதலில் தலையாட்டுவார்கள். ஒவ்வொருவரையும் இறக்கிவிடும்போது தனியாகக் கேளுங்கள்.

நான் ஓய்வு பெறும்வரை டீசல் இன்னும் பல தடவை ஏறியது. ஒவ்வொரு தடவையும் சந்தாவை ஏற்றினேன். கொஞ்சம் முணுமுணுத்தார்கள், பிறகு கட்டினார்கள். அதற்காக ஒருவர்கூட வண்டியை விட்டுப் போகவில்லை.