சூசை வக்கீலும் அந்தோணியார் நிலமும்

வியாழக்கிழமை காலை கோர்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். குமாஸ்தா போனில் சொன்னார், சூசை வக்கீல் இறந்துவிட்டார் என்று. எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, பயம். அவரை எங்கே அடக்கம் செய்வார்கள் என்ற பயம். அது ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

உத்தமபாளையம் கோர்ட்டில் நாங்கள் இருபது வருடம் எதிரெதிராக வாதாடியவர்கள். அவர் என்னை பாய் என்பார், நான் அவரை அண்ணே என்பேன். வழக்கின் முதல் மனுவான பிராது எழுதுவதில் அவருக்கு இணை இங்கே யாரும் கிடையாது. பிராதில் இல்லாததைச் சாட்சிக் கூண்டில் ஏறிச் சொன்னால் கோர்ட் காதில் வாங்காது என்பார். நிலத்தின் நான்கு எல்லையும் சரியாக வரும்வரை கட்சிக்காரரை எழுந்து போகவிட மாட்டார். அந்தப் பிடிவாதத்தை நான் நிறையக் கேலி செய்திருக்கிறேன்.

அப்படிப்பட்டவர் சொந்த ஊர் வழக்கில் சறுக்கினார். கூடலூர்ப் பக்கம் அவருடைய ஊர். அந்தோணியார் கோயிலுக்கும் கல்லறைத் தோட்டத்துக்கும் ஊர் கூடி வாங்கிய நிலம், அந்தக் காலத்தில் கோயிலைப் பார்த்துக்கொண்ட உபதேசியார் பெயரில் பதிவாகியிருந்தது. உபதேசியாரின் பேரன் கல்லறைத் தோட்டத்தை விற்றுவிட்டார். வாங்கியவர் என் கட்சிக்காரர். வழக்குப் போட்ட ஊராருக்கு சூசை அண்ணன் வக்கீல்.

நிலம் எங்கள் பொதுச்சொத்து, உபதேசியார் எங்களுக்காகத்தான் வைத்திருந்தார் என்று ஊரார் பிராதில் எழுதியிருந்தால் போதும். ஒருவரும் சம்மதிக்கவில்லை. முதல் நெல்லை அந்தோணியாருக்கு அளந்துவிட்டுத்தான் வீட்டுக்கு அள்ளுகிற ஊர் அது. புனிதரின் மண்ணை எங்களுடையது என்று எழுத யாருக்குக் கை வரும்? சூசை அண்ணனுக்கும் வரவில்லை. உரிமையாளர் புனித அந்தோணியார் என்றே எழுதிவிட்டார்.

இந்துக் கோயில் சாமி சொத்து வைத்துக்கொள்ளலாம், வழக்கும் போடலாம். புனிதருக்குச் சட்டத்தில் அந்த இடம் இல்லை. பதிலுரையில் அதைத்தான் எழுதினேன். அதைப் படித்த அண்ணன் கோர்ட் வராந்தாவில் என்னை நிறுத்தினார்.

"நீங்க எழுதுனது சரி பாய். திருத்திருவோம்னு சொன்னா, அந்தோணியார்கிட்டயே திருடச் சொல்றீகளான்னு ஊர்க்காரக கேக்குறாக. எனக்கும் கை வரமாட்டேங்குது."

விசாரணை வந்தது. நிலம் உங்களுடையது இல்லையா என்று கூண்டில் ஏறிய ஊர் நாட்டாண்மையைக் கேட்டேன்.

"எங்களுதுன்னு சொன்னா நாக்கு அழுகிப்போகும்யா."

கோர்ட்டே சிரித்தது. சூசை அண்ணன் தலை குனிந்திருந்தார். அதற்குப் பிறகுதான் திருத்த மனு போட்டார். விசாரணை தொடங்கிவிட்டது, இனித் திருத்தக் கூடாது என்று நான் எதிர்த்தேன். மனுவும் தள்ளுபடி, வழக்கும் தள்ளுபடி. அப்பீலிலும் அதே பிராதுதானே, அங்கேயும் தோற்றார்கள். கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிக் கம்பிவேலி ஏறியது. அவர் கோர்ட்டுக்கு வருவதை விட்டுவிட்டார். வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது, நம்பினதைத்தானே பாய் எழுதினேன் என்றார். நான் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை கோட்டைக்கூடக் கழற்றாமல் என் கட்சிக்காரருக்குப் போன் செய்தேன். அண்ணனின் மனைவி அந்த வேலிக்குள்தான் கிடக்கிறார், பக்கத்தில் ஒரே ஒரு குழிக்கு இடம் கொடுங்கள் என்று கெஞ்சினேன்.

"ஒருத்தருக்கு விட்டா ஊரே பாத்தியத கேட்டு வரும்னு நீங்கதானய்யா சொன்னீக" என்றார்.

ஆமாம், நான்தான் சொன்னேன்.

சவ வண்டி வேலியோரம் கொஞ்ச நேரம் நின்றது. மகள் இறங்கி, அப்பாவின் மாலையிலிருந்து ஒரு கை பூவை உருவிக் கம்பிக்குள் விட்டெறிந்தாள். பாதி கம்பியிலேயே சிக்கிக்கொண்டது. வண்டி கம்பம் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குத் திரும்பியது.

அண்ணே, உங்களை ஜெயித்தவன் நான். உங்களுக்கு ஆறடி மண் வாங்கித் தர என்னால் முடியவில்லை. போய் வாருங்கள்.